மீன் தொட்டி ஹீட்டரை நம்பலாமா?



"டீச்சர், தங்காக்கில் இருந்துகொண்டு மீனுக்கு ஹீட்டரா? நமக்கே இரண்டு விசிறி போட்டாலும் வியர்வை நிற்பதில்லை!" என்று என் படிவம் 2 மாணவன் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. அதிலிருந்தே தொடங்குவோம்.

எங்கள் வீட்டு இரண்டடித் தொட்டியில் ராம் என்ற சிறிய மீன்கள் இருக்கின்றன. நீளம் ஐந்து சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். மஞ்சள் உடம்பில் நீலப் புள்ளிகள் மின்னும். இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் வெனிசுலா, கொலம்பியா நாடுகளில் ஓடும் ஒரினோக்கோ ஆற்றுப் படுகை. 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான நீரில்தான் நலமாக இருக்கும். டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களுக்கும் இதே தேவை உண்டு.

நம் ஊரில் பகலில் அந்த வெப்பம் தானாகவே கிடைத்துவிடுகிறது. இரவில்தான் சிக்கல். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், லேடாங் மலைப் பக்கமிருந்து காற்றும் சாரலுமாக இருக்கும் இரவுகளில் நமக்கே போர்வை தேவைப்படுகிறது. போதாததற்குத் தொட்டி இருக்கும் அறையில் நாங்கள் ஏர்கோன் போடுகிறோம். பகலில் 30, இரவில் 25 என்று நீரின் வெப்பநிலை ஏறி இறங்கினால் மீன் தாங்காது. நம்மைப் போல் உடல் வெப்பத்தை உள்ளிருந்தே சீராக்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலான மீன்களுக்கு இல்லை. நீர் எந்த வெப்பநிலையோ, ஏறக்குறைய அதுதான் அதன் உடல் வெப்பநிலையும். நீர் அடிக்கடி குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பு குறையும். உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல் வெண்புள்ளி நோய் வரும். ஆகவே ஹீட்டர் ஆடம்பரமல்ல.

ஆனால் அதே ஹீட்டர்தான் போன மழைக்காலத்தில் எங்கள் மீன்களைக் கொன்றது. இன்னும் சரியாகச் சொன்னால், ஹீட்டர் பாதி, நான் பாதி.

நடந்தது இதுதான். தொட்டியில் 100 வாட் ஹீட்டர் ஒன்று இருந்தது. அதன் திருகு 29 பாகையில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் தொட்டிக் கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டியிருந்த பட்டை வெப்பமானி நாள்தோறும் காலையில் 26 என்றே காட்டியது. ஹீட்டரின் விளக்கோ அணைந்து அணைந்து எரிந்தது. "பழசாகிவிட்டது, வலுவில்லை" என்று முடிவு செய்தேன். கடைக்குப் போனேன். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று நானே கேட்டு 300 வாட் ஹீட்டரை வாங்கி வந்தேன். ஒரு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. பட்டை வெப்பமானி 28 காட்டியது. எனக்கும் மகிழ்ச்சி.

இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை. விடிந்தும் விடியாத காலை 6.30 மணிக்கு அப்பா கதவைத் தட்டினார். "மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதும்மா." போய்ப் பார்த்தேன். ஹீட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலறை வெப்பமானியை நீரில் விட்டேன்: 34.5 பாகை. ஆறு ராம் மீன்களில் இரண்டு ஏற்கெனவே அடியில் சாய்ந்து கிடந்தன. அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டையும் எடுத்துப்போய்க் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு வந்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அறிவியல் ஆசிரியர் ஒருவர் தன் வீட்டில் அளக்காமலேயே முடிவெடுத்திருக்கிறார். அந்த வெட்கத்தில் அன்று மாலையே நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

முதலில் ஒரு கணக்கு

எங்கள் தொட்டியின் நீளம் 60, அகலம் 30 சென்டிமீட்டர். நீர் 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு நிற்கிறது. பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். மணலும் மரக்கட்டையும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 50 லிட்டர், அதாவது 50 கிலோகிராம் நீர்.

படிவம் 4 இயற்பியலில் நீங்கள் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று படிப்பதைத் தமிழில் தன்வெப்பக் கொள்ளளவு என்போம். ஒரு கிலோகிராம் பொருளை ஒரு பாகை சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் அது. நீருக்கு அது 4,200 ஜூல். எனவே எங்கள் தொட்டி நீர் முழுவதையும் ஒரு பாகை உயர்த்த 50 × 4,200 = 2,10,000 ஜூல் தேவை. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இதுதான் வரப்போகிறது.

ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். 300 வாட் ஹீட்டர் 2,10,000 ஜூலைத் தர 700 நொடி எடுக்கும், அதாவது 12 நிமிடத்திற்கும் குறைவு. 29 பாகையிலிருந்து 34.5 வரை 5.5 பாகை ஏற 3,850 நொடி, 64 நிமிடம். இடையில் தொட்டி அறைக்கு இழக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் ஒன்றே கால் மணி நேரம். அப்பா பார்த்தது 6.30க்கு. அப்படியென்றால் ஹீட்டர் நிற்க மறந்தது 5.15 மணி வாக்கில். நாங்கள் இரவெல்லாம் கவனிக்காமல் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. 29 பாகையில் நலமாக இருந்த தொட்டி, நாங்கள் எழுவதற்குள் ஒன்றே கால் மணி நேரத்தில் கொல்லும் தொட்டியாகிவிட்டது. அப்பா வழக்கம் போல் ஏழரை மணிக்கு எழுந்திருந்தால் ஆறு மீன்களும் போயிருக்கும்.

சூடு ஏன் மீனைக் கொல்கிறது? பலர் நினைப்பது போல் நீர் 'வெந்து'விடுவதால் அல்ல. நீர் சூடாக ஆக அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் 7.6, 35 பாகையில் கிட்டத்தட்ட 7 மட்டுமே. அதே நேரத்தில் சூட்டினால் மீனின் உடலியக்கம் வேகமாகி, அதற்கு வழக்கத்தைவிட அதிக உயிர்வளி தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. அதனால்தான் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஹீட்டருக்குள் என்ன இருக்கிறது?

கண்ணாடிக் குழாய்க்குள் நிக்குரோம் கம்பிச் சுருள் ஒன்று. மின்சாரம் பாய்ந்தால் சூடாகும். அதன் தலைப்பகுதியில் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி. சாதாரண ஹீட்டர்களில் அது ஓர் ஈருலோகத் தகடுதான். படிவம் 2 அறிவியலில் வெப்பத்தால் பொருள்கள் விரிவதைப் படிக்கும்போது 'ஜாலூர் ட்விலோகாம்' என்று வருமே, அதுவேதான்.

ஒரு மீட்டர் நீளப் பித்தளையை ஒரு பாகை சூடாக்கினால் அது ஏறத்தாழ 0.019 மில்லிமீட்டர் நீளும். எஃகு 0.012 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டிவிட்டால், சூடாகும்போது பித்தளை முந்தப் பார்க்கும், எஃகு விடாது. வேறு வழியின்றித் தகடு எஃகுப் பக்கம் வளையும். இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயக் கடிகாரத் தொழிலாளி. கப்பலில் கொண்டுபோகும் கடிகாரம் வெயிலிலும் குளிரிலும் நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்பதற்காக, 1740இல் தொடங்கி ஏறத்தாழ 19 ஆண்டுகள் அவர் உழைத்த தம் மூன்றாவது கடல் கடிகாரத்தில் இதைப் பயன்படுத்தினார். பிறகு 1896இல் சார்ல்ஸ் எடுவார்ட் கியோம் என்பவர் வெப்பத்தால் மிக மிகக் குறைவாகவே விரியும் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலப்பு உலோகத்தைக் கண்டறிந்தார். 1920இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஈருலோகத் தகட்டில் விரியாத பக்கத்திற்கு இன்வார் மிகவும் ஏற்றது.

ஹீட்டரில் இந்தத் தகட்டின் நுனியில் ஒரு சிறு உலோகப் புள்ளி இருக்கும். எதிரே இன்னொரு புள்ளி. நீர் குளிர்ந்திருந்தால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும், மின்சாரம் பாயும். நீர் சூடானால் தகடு வளைந்து விலகும், சுற்று அறுபடும். நாம் மேலே திருப்பும் திருகு, எந்த வெப்பநிலையில் விலக வேண்டும் என்பதை மாற்றுகிறது. அவ்வளவுதான். இதில் கணினியும் இல்லை, மூளையும் இல்லை.

பழுது வருவதும் அந்தப் புள்ளிகளில்தான். ஒவ்வொரு முறை விலகும்போதும் சேரும்போதும் அவற்றுக்கிடையே ஒரு சிறு தீப்பொறி தாவும். அதைக் குறைக்கவே பல ஹீட்டர்களில் ஒரு குட்டிக் காந்தத்தை வைத்திருப்பார்கள். அது புள்ளிகளைத் தயக்கமில்லாமல் 'டக்'கென்று சேர்க்கும், 'டக்'கென்று பிரிக்கும். இருந்தும் ஆயிரக்கணக்கான தீப்பொறிகளுக்குப் பிறகு புள்ளிகள் கருகும். கருகி மின்சாரம் பாயாமல் போனால் நீர் குளிரும். இது ஒரு வகைப் பழுது. புள்ளிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் நிற்கவே நிற்காது. இது மற்றொரு வகை. முதல் வகையில் நம் ஊரில் மீன் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஏனென்றால் நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே அதிகம் போகாது. இரண்டாம் வகையில் பிழைப்பது அரிது.

வாளிச் சோதனை

அந்தச் சனிக்கிழமை மாலை இரண்டு ஹீட்டர்களையும் வாளியில் சோதித்தேன். நீங்களும் செய்யலாம், ஆனால் வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சில கட்டுப்பாடுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்காமல் நீரில் கை வைக்கக் கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஹீட்டரை நீருக்கு வெளியே ஒரு நொடிகூட எரியவிடக் கூடாது. பிடுங்கிய பிறகு 15 நிமிடம் நீரிலேயே ஆறவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். சூடான கண்ணாடியில் குளிர் பட்டால் விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டரையும், குழாயின் உட்புறம் நீர்த்துளி பூத்திருக்கும் ஹீட்டரையும் சோதிக்கவே வேண்டாம், நேரே குப்பைக்கு. திறந்து பழுதுபார்க்கும் ஆசையும் வேண்டாம். குழாயின் நீர்க்காப்பு ஒருமுறை போனால் போனதுதான், உள்ளே இருப்பது 240 வோல்ட்.

அதற்கும் முன்னால் வெப்பமானியைச் சோதிக்க வேண்டும். இதைத்தான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவு நீர், நன்றாகக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டு வெப்பமானியை வைத்தால் 0 காட்ட வேண்டும். என் சமையலறை வெப்பமானி 0.3 காட்டியது. பரவாயில்லை. பட்டை வெப்பமானியை ஐஸில் சோதிக்க முடியாது, அதன் அளவு அவ்வளவு கீழே போகாது. ஆகவே தொட்டியிலேயே இரண்டையும் ஒப்பிட்டேன். நீருக்குள் 27.5, கண்ணாடியில் ஒட்டிய பட்டையில் 26. ஒன்றரைப் பாகை வேறுபாடு! காரணம் எளிது. பட்டையின் ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் அறைக் காற்று. எங்கள் ஏர்கோன் நேராக அந்தப் பக்கம்தான் வீசுகிறது. அது காட்டியது நீரின் வெப்பநிலையும் அல்ல, காற்றின் வெப்பநிலையும் அல்ல, இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று.

பிறகு வாளி. அதில் 10 லிட்டர் நீர். வாளியின் மேல் ஒரு கம்பைக் குறுக்கே வைத்து, ஹீட்டர் பிளாஸ்டிக்கில் படாமல் தொங்கும்படி கட்டினேன். நீர் கலந்துகொண்டே இருக்கக் காற்றுக்குமிழ் பம்பு. 10 கிலோகிராம் நீரை ஒரு பாகை உயர்த்த 42,000 ஜூல். 100 வாட் ஹீட்டருக்கு 420 நொடி, அதாவது ஏழு நிமிடம். 27இலிருந்து 30 வரை 21 நிமிடம் ஆக வேண்டும். நான் 'வலுவில்லை' என்று ஒதுக்கிய பழைய ஹீட்டர் 24 நிமிடத்தில் அதைச் செய்தது. வாளி இழக்கும் வெப்பத்தைக் கணக்கில் எடுத்தால் இது முழு மதிப்பெண். திருகை 30இல் வைத்திருந்தேன், 30.5இல் விளக்கு அணைந்தது, 29.5இல் மீண்டும் எரிந்தது. குறையே இல்லாத ஹீட்டர்!

அடுத்தது புதிய 300 வாட் ஹீட்டர். வாளியில் இது இரண்டரை நிமிடத்திற்குள் ஒரு பாகை ஏற்றிவிடும். கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். திருகு 30இல். முதல் முறை 30.5இல் ஒழுங்காக அணைந்தது. இரண்டாம் முறையும் அணைந்தது. என் கணிப்பு தவறோ என்று எனக்கே ஐயம் வந்தது. மூன்றாம் முறை 31, 32, 33... விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டேன். நீர் இன்னும் 30க்கு மேல்தான் இருந்தது. குழாயின் தலைப்பகுதியை மரக்கரண்டியால் லேசாகத் தட்டிவிட்டு மறுபடி பிளக்கை மாட்டினேன். விளக்கு எரியவில்லை. ஒட்டியிருந்த புள்ளிகள் அந்தத் தட்டலில் பிரிந்துவிட்டன.

இந்த வகைப் பழுதைப் பிடிப்பதுதான் கடினம். கடைக்குக் கொண்டுபோகும் வழியில் மோட்டார் சைக்கிள் குலுங்கினாலே புள்ளிகள் பிரிந்துவிடும். கடையில் போட்டுப் பார்த்தால் அருமையாக வேலை செய்யும். ஆகவே ஒருமுறை சோதித்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தாறு சுற்றாவது ஏறி இறங்கவிட்டுப் பாருங்கள்.

விளக்கும் ஒரு சாட்சிதான். பல ஹீட்டர்களில் அது கம்பிச் சுருளுக்குப் பக்க இணைப்பில் இருக்கும். நீர் குளிர்ந்திருந்தும் விளக்கு எரியவில்லையென்றால், மின்சாரம் சுருள் வரைக்கும் வரவில்லை: பிளக்கின் ஃபியூஸ், கம்பி, கருகிய புள்ளிகள் என்று வரிசையாகப் பாருங்கள். விளக்கு எரிகிறது, மணிக்கணக்கில் நீர் சூடாகவில்லையென்றால் சுருள் அறுந்திருக்கலாம். பள்ளி ஆய்வகத்தில் மல்டிமீட்டர் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய ஹீட்டரின் மின்தடையை அளந்து பாருங்கள். 100 வாட், 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் 240 × 240 ÷ 100, அதாவது 576 ஓம் பக்கத்தில் வர வேண்டும். முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது நீர் சூடாக இருப்பதால் கட்டுப்படுத்தி விலகியிருக்கிறது. திருகை மேலே ஏற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

அப்படியானால் நீர் ஏன் 29ஐ எட்டவில்லை?

பழைய ஹீட்டரில் குறையில்லை. பட்டை வெப்பமானியின் பொய் ஒன்றரைப் பாகை. மீதி ஒன்றரைப் பாகை எங்கே போனது?

வெப்பமானியைத் தொட்டியின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். ஹீட்டர் இருந்த மூலையில் 29. எதிர் மூலையில், அடியில், 27. ஹீட்டரை நான் அழகுக்காக மரக்கட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வடிகட்டியின் பஞ்சோ கழுவிப் பல வாரம் ஆகியிருந்தது. நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. நீரோட்டமே இல்லை. ஹீட்டர் தன்னைச் சுற்றியுள்ள நீரை 29 ஆக்கிவிட்டு, "வேலை முடிந்தது" என்று அணைந்துகொண்டது. அதன் தகட்டுக்குத் தெரிந்த உலகம் அந்த மூலை மட்டும்தானே! பஞ்சை (தொட்டியிலிருந்தே எடுத்த நீரில்) அலசி, ஹீட்டரை வடிகட்டியின் நீர் விழும் இடத்திற்கு மாற்றியதும் நாலு மூலையும் அரைப் பாகைக்குள் வந்துவிட்டன. செலவு: பூஜ்யம் ரிங்கிட்.

அடைத்த பஞ்சுக்கு இன்னொரு பங்கும் உண்டு. வடிகட்டியிலிருந்து விழும் நீர் மேற்பரப்பைக் கலக்கும்போதுதான் காற்றிலிருந்து உயிர்வளி தாராளமாகக் கரைகிறது. அன்று காலை அந்த உதவியும் மீன்களுக்கு இல்லை. தவறான பொருளை மாற்றியதால் உண்மையான குறை அப்படியே இருந்தது. அதன் மேல் புதிதாக ஒரு குறையையும் நான் சேர்த்துவிட்டேன்.

எத்தனை வாட் வேண்டும்?

'லிட்டருக்கு ஒரு வாட்' என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர்நாட்டு வீடுகளுக்கு அது பொருந்தலாம். நம் வீட்டுக்கு எவ்வளவு என்பதைத் தொட்டியிடமே கேட்டுவிடலாம். ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு நீர் ஆறுவதை அளந்தால் போதும்.

அறை 25 பாகை. நீர் 29இலிருந்து 28க்கு இறங்க இரண்டே கால் மணி நேரம் ஆனது, அதாவது 8,100 நொடி. அந்த நேரத்தில் தொட்டி இழந்தது நம் பழைய எண்: 2,10,000 ஜூல். வகுத்தால் நொடிக்கு 26 ஜூல், அதாவது 26 வாட். அப்போது நீருக்கும் அறைக்கும் சராசரி வேறுபாடு 3.5 பாகை. ஆகவே ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் எங்கள் தொட்டி ஏறத்தாழ 7.4 வாட் இழக்கிறது. 25 பாகை அறையில் 29ஐக் காப்பாற்ற, 4 × 7.4, அதாவது 30 வாட் போதும்!

30 வாட் தேவைப்படும் தொட்டியில் நான் 300 வாட்டை வைத்திருந்தேன். பத்து மடங்கு.

இப்போது புள்ளிகள் ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். 300 வாட்டில் இழப்பு 30 போக மீதி 270 வாட். 13 நிமிடத்தில் ஒரு பாகை ஏறும். 100 வாட் ஹீட்டரில் மீதி 70. ஒரு பாகை ஏற 50 நிமிடம். 50 வாட் ஹீட்டரில் மீதி 20 மட்டுமே; ஒரு பாகை ஏற ஏறத்தாழ மூன்று மணி நேரம். அதுவும் ஏற ஏற இழப்பு கூடுவதால் இன்னும் மெதுவாகும். அறை 25ஆக இருக்கும் வரை 50 வாட்டால் 6.8 பாகைக்கு மேல் உயர்த்தவே முடியாது. நீர் 32க்குள் நின்றுவிடும். ராம் மீனுக்கு அது வசதியல்ல, ஆனால் உயிரோடு இருக்கும். பிற்பகலில் அறையே 31 பாகையாக இருந்தால் 50 வாட்டும் ஆபத்துதான் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது தொட்டியைப் பார்த்துவிடுவோம். பெரிய ஹீட்டர் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதன் புள்ளிகளில் பாயும் மின்னோட்டமும் அதிகம்: 300 வாட்டுக்கு 1.25 ஆம்பியர், 50 வாட்டுக்கு 0.21 ஆம்பியர். தீப்பொறியும் அதற்கேற்றபடிதான்.

எங்கள் தொட்டியில் இப்போது 50 வாட் ஹீட்டர். அதோடு ஒரு தனி வெப்பநிலைக் கட்டுப்படுத்தியையும் தொடர் இணைப்பில் வைத்திருக்கிறேன், அதை 30.5 பாகையில் துண்டிக்கும்படி அமைத்திருக்கிறேன். தொடர் இணைப்பில் இரண்டு சுவிட்சில் ஒன்று திறந்தாலே சுற்று அறுந்துவிடும். ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டால்தான் மீனுக்கு ஆபத்து. அதன் உணரி நீரிலிருந்து நழுவி வெளியே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் அது அறைக் காற்றை அளந்து "குளிர்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்; நாம் நம்பியிருக்கும் இரண்டாம் காவல் இல்லாமல் போகும்.

மின்கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சாக்கெட்டுக்கு வரும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏற வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. மின்பலகையில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை அப்பாவையோ அம்மாவையோ மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்றாவது ஒரு காலையில் உங்கள் தொட்டியும் 34ஐக் காட்டினால், பிளக்கைப் பிடுங்குங்கள். ஐஸை அள்ளிப் போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியும் மீனுக்கு அடிதான். காற்றுப் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். மூடியை எடுத்துவிட்டு மேற்பரப்பில் விசிறியைத் திருப்புங்கள். நீர் ஆவியாகும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 2,10,000ஐ அதால் வகுத்துப் பாருங்கள்: 90 மில்லிலிட்டருக்கும் குறைவான நீர், ஒரு சிறிய காப்பிக் கோப்பை அளவு, ஆவியானாலே எங்கள் தொட்டி முழுவதும் ஒரு பாகை குளிரும். அன்று எஞ்சிய நான்கு மீன்களையும் காப்பாற்றியது என் மேசை விசிறிதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு. மூன்றடித் தொட்டி, 120 கிலோகிராம் நீர், அறை 25 பாகை. ஹீட்டரை நிறுத்தினால் 29இலிருந்து 28க்கு இறங்க மூன்று மணி நேரம் ஆகிறது. அந்தத் தொட்டியை 30 பாகையில் வைத்திருக்க எத்தனை வாட் தேவை? 67க்குப் பக்கத்தில் ஒரு விடை வந்தால் உங்கள் வழி சரி. வரவில்லையென்றால், சராசரி வேறுபாட்டை 3.5 என்று எடுத்தீர்களா, 4 என்று எடுத்தீர்களா என்று பாருங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் சறுக்கினார்கள்.